ஒரே ஸ்கேன் மூன்று முறை திரும்பி வந்துவிட்டது: பெயரை எப்படித்தான் எடுப்பது?

#1 வைகைக்கரை (செவ்வாய், இரவு 9.40)

வணக்கம். ஒன்றரை வருடமாக ஒரு மருத்துவமனையில் கிளினிக்கல் டிரயல் கோஆர்டினேட்டராக இருக்கிறேன். இப்போது ஒரு நுரையீரல் புற்றுநோய் ஆய்வு, மூன்றாம் கட்டம். தொடக்கத்தில் (பேஸ்லைன்) ஒரு பெட்-சிடி, அதாவது கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு எடுக்கும் ஸ்கேன், அப்புறம் எட்டு வாரத்துக்கு ஒரு சிடி. எங்களிடம் பெட் இயந்திரம் இல்லாததால் நோயாளியை வெளியே ஒரு ஸ்கேன் சென்டருக்கு அனுப்புகிறோம். அவர்கள் தரும் தகட்டை வாங்கி வந்து, ஸ்பான்சர் (ஆய்வை நடத்தும் நிறுவனம்) நியமித்த இமேஜிங் நிறுவனத்துக்கு நான் அனுப்ப வேண்டும்.

முதல் முறை: "நோயாளி பெயர் தெரிகிறது" என்று குவெரி, அதாவது அவர்களிடமிருந்து விளக்கக் கேள்வி. ஒரு வியூவரில் திறந்து, பெயரை அழித்து, அங்கே சப்ஜெக்ட் எண்ணை (ஆய்வில் நோயாளிக்குத் தந்த எண்ணை) போட்டு மறுபடி அனுப்பினேன்.

இரண்டாம் முறை: "இன்னும் பெயர் தெரிகிறது." எங்கே என்று சொல்லவே இல்லை. நான் நூறு படம் புரட்டிப் பார்த்தேன், ஒன்றிலும் இல்லை.

மூன்றாம் முறை எங்கள் ஐடி பையனிடம் கொடுத்தேன். "எல்லாத்தையும் துடைச்சிட்டேன் அக்கா, இனி ஒண்ணும் வராது" என்றான். நேற்று வந்த குவெரி: "எஸ்யுவி கணக்கிட முடியவில்லை, படம் பயன்படாது."

அந்த அம்மா 90 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து வெறும் வயிற்றோடு நாலு மணி நேரம் காத்திருந்து எடுத்த ஸ்கேன் இது. மறுபடி எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது, சிகிச்சையும் தொடங்கிவிட்டது. எதை அழிக்க வேண்டும், எதை விட வேண்டும், இதை யார் செய்ய வேண்டும்? யாராவது பொறுமையாகச் சொல்லுங்கள்.

#2 இருட்டறை (செவ்வாய், இரவு 10.15)

தங்கச்சி, நான் டெக்னாலஜிஸ்ட், 22 வருடம். ஃபிலிமை இருட்டறையில் கழுவிய காலத்தில் பெயரை ஓரத்தில் எழுதுவோம். வேண்டாம் என்றால் கத்தரிக்கோல் போதும். இப்போது அந்தப் பெயர் எத்தனை இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது.

இரண்டாம் முறை ஏன் திரும்பியது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஸ்கேன் முடிந்ததும் இயந்திரம் கடைசியாக ஒரு பக்கம் போடும், கதிர்வீச்சு அளவு பற்றிய டோஸ் ரிப்போர்ட். அது ஒரு படம்தான். மேலே பெயர், வயது, தேதி எல்லாம் படத்தின் புள்ளிகளாகவே பதிந்திருக்கும். வியூவரில் பெயரை மாற்றினாலும் அது மாறாது. தனி சீரிஸாக (படத் தொகுப்பாக) கடைசியில் கிடக்கும், யாரும் அங்கே வரை போய்ப் பார்ப்பதில்லை. சில சென்டர்களில் டாக்டர் சீட்டையும் ஸ்கேன் செய்து அதே ஸ்டடிக்குள் (அந்த ஸ்கேனின் மொத்தக் கோப்புகளுக்குள்) போட்டுவிடுவார்கள். அதில் பெயர், ஊர், ஃபோன் நம்பர் வரை இருக்கும்.

இன்னொன்று. கன்சோலில் நாங்கள் பெயர்க் கட்டத்தில் பெயர் மட்டுமா அடிக்கிறோம்? "லட்சுமி வைஃப் ஆஃப் இன்னார், 52 எஃப், இன்ன டாக்டர்" என்று ஒரே வரியில் அடிப்போம். கட்டம் போதவில்லையென்றால் மீதியை ஸ்டடி விவரத்தில். ஐடி கட்டத்தில் ஊர்ப் பெயர் போடும் சென்டரும் பார்த்திருக்கிறேன். வெளியே வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது அப்படித்தான். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

#3 சும்மாஒருகேள்வி (செவ்வாய், இரவு 10.22)

சிடியைச் சிடியில் போட்டுக் கொடுத்தார்கள் என்று சொன்னால் என் வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். 😄 மன்னிக்கவும், தொடருங்கள்.

#4 பிட்டும்பைட்டும் (புதன், காலை 7.05)

மருத்துவமனையில் பேக்ஸ் சர்வர், அதாவது ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் சர்வர், பார்த்துக்கொள்பவன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் படங்கள் டைகாம் என்ற பொதுத் தரநிலையில் இருக்கும். டைகாம் கோப்பு வெறும் படம் இல்லை. முன்னால் ஒரு தலைப்பகுதி, பின்னால் படம். தலைப்பகுதியில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு எண் உண்டு. (0010,0010) பெயர், (0010,0020) நோயாளி ஐடி, (0010,0030) பிறந்த தேதி, (0008,0080) மருத்துவமனைப் பெயர். 1985இல் வந்த பழைய தரநிலை வளர்ந்து 1993இல் டைகாம் என்று பெயர் மாறியது. அன்றிலிருந்து ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தக் கட்டங்களையும் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. முதல் எண் ஒற்றைப்படையாக இருந்தால் அது நிறுவனத்தின் தனிக் கட்டம். அதற்குள் என்ன இருக்கும் என்று வெளியாளுக்குத் தெரியாது. சில நேரம் பெயர் கூட இருக்கும்.

இன்னொரு ஒளிவிடம், தகட்டில் இருக்கும் டைகாம்டிர் என்ற கோப்பு. அது உள்ளடக்கப் பட்டியல் மாதிரி. நீங்கள் 600 படத்திலும் பெயரை எடுத்திருந்தாலும் பட்டியலில் பழைய பெயர் அப்படியே இருக்கும். ஃபோல்டருக்குப் பெயர் வைத்தது யார் என்றும் பாருங்கள். "லட்சுமி_பேஸ்லைன்" என்று ஃபோல்டர் வைத்துவிட்டு உள்ளே பெயரை அழித்து என்ன பயன்?

இப்போது மூன்றாவது தவறு. உங்கள் ஐடி தம்பி எல்லாவற்றையும் துடைத்தது ஏன் வம்பாயிற்று? எஸ்யுவி என்பது பெட் ஸ்கேனுக்காக ஊசியில் போட்ட கதிரியக்க மருந்தைக் கட்டி எவ்வளவு உறிஞ்சியிருக்கிறது என்பதை, ஊசியில் போன மொத்த அளவையும் நோயாளியின் எடையையும் வைத்துப் பார்க்கும் விகிதம். அதற்கு எடை (0010,1030) வேண்டும், செலுத்திய மருந்தின் அளவு வேண்டும், ஊசி போட்ட நேரமும் படம் எடுத்த நேரமும் வேண்டும். அந்த மருந்தில் வழக்கமாக இருக்கும் கதிரியக்கப் பொருளான ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம். ஒரு மணி நேரத்தில் சுமார் 31 சதவீதம் குறைந்துவிடும். நேரம் இல்லையென்றால் அந்தக் கணக்கைப் போட வழியில்லை. பிலிப்ஸ் பெட் படங்களில் எஸ்யுவி காரணி (7053,1000) என்ற தனிக் கட்டத்தில் இருக்கலாம். ஒற்றைப்படைக் கட்டம் எல்லாம் ஆபத்து என்று கண்ணை மூடிக்கொண்டு அழித்தால் அதுவும் போச்சு.

டைகாம் தரநிலையிலேயே, 15ஆம் பகுதியின் இ இணைப்பில், இதற்கு ஒரு அட்டவணை இருக்கிறது. எந்தக் கட்டத்தை அழிப்பது, எதைப் பொய் மதிப்பால் நிரப்புவது, எதை விடுவது என்று வரி வரியாக. அடிப்படை முறை எடையையும் எடுத்துவிடும். "நோயாளியின் உடல் பண்புகளை வைத்துக்கொள்", "பாதுகாப்பான தனிக் கட்டங்களை வைத்துக்கொள்", "தேதிகளை மாற்றி வைத்துக்கொள்" என்று தனித்தனி விருப்பங்கள் உண்டு. பெட் ஸ்கேனுக்கு அந்த விருப்பங்களைச் சேர்க்காமல் அடிப்படை முறையை மட்டும் ஓட்டினால் உங்களுக்கு வந்த குவெரிதான் வரும்.

வட அமெரிக்கக் கதிரியக்கவியல் சங்கமான ஆர்எஸ்என்ஏவின் சிடிபி என்ற மென்பொருள் இலவசம். படத்தில் பதிந்த எழுத்தைக் கறுப்பாக மறைக்கவும் அதில் வசதி இருக்கிறது. பெல்ஜியத்தில் பிறந்த ஆர்த்தாங்க் சர்வரிலும் பெயர் நீக்கம் உண்டு. நான் இரண்டையும் ஓட்டுகிறேன்.

#5 வைகைக்கரை (புதன், காலை 8.30)

அண்ணா, இருட்டறை அண்ணா சொன்ன இடத்தில் போய்ப் பார்த்தேன். கடைசி சீரிஸ், ஒரே ஒரு படம். மேலே பெரிய எழுத்தில் பெயர். நூறு படம் புரட்டியவள் நூற்றொன்றாவதைப் பார்க்கவில்லை.

தேதி பற்றி ஒரு சந்தேகம். தேதியை எல்லாம் எடுத்துவிட்டால் எது முதல் ஸ்கேன், எது எட்டாவது வாரம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

#6 பிட்டும்பைட்டும் (புதன், காலை 8.52)

நல்ல கேள்வி. ஒரு நோயாளியின் எல்லாத் தேதிகளையும் ஒரே எண்ணிக்கை நாள் தள்ளி வைப்பார்கள். உதாரணமாக 37 நாள் என்றால் எல்லா விசிட்டுக்கும் அதே 37. இடைவெளி மாறாது. சிலர் ஸ்கேன் தேதியை மட்டும் தள்ளிவிட்டு ஊசி போட்ட தேதி-நேரக் கட்டத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். அப்போது கணக்குப்படி, ஊசி போட்டது ஒரு மாதம் முன்னால், படம் எடுத்தது இன்று என்று வரும். பல ஆய்வுகளில் ஸ்கேன் தேதியை மாற்றவே வேண்டாம் என்றும் சொல்வார்கள். உங்கள் இமேஜிங் கையேட்டில் பாருங்கள், ஊகிக்காதீர்கள்.

யுஐடி என்ற கோப்பு அடையாள எண்ணும் அப்படியே. மாற்றினால் எல்லாக் கோப்பிலும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும். பெட்டும் சிடியும் ஒன்றின் மேல் ஒன்று உட்காருவது (0020,0052) கட்டத்தில் உள்ள யுஐடி ஒத்துப்போவதால்தான்.

#7 கிளைச்சாலை (புதன், மதியம் 1.40)

ஸ்பான்சர் சார்பில் ஆய்வைச் சரிபார்க்கும் மானிட்டராக இருப்பவன் என்ற முறையில் ஒரு மறுப்பு. சைட்டில் (ஆய்வு நடக்கும் மருத்துவமனையில்) ஆளுக்கொரு மென்பொருளைப் போட்டுப் பெயரை அழிக்கவே கூடாது. ஸ்பான்சரின் இமேஜிங் நிறுவனம் ஒரு அப்லோட் போர்ட்டல் கொடுத்திருக்கும். அதிலேயே, கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியேறும் முன், பெயர் நீக்கம் நடக்கும். அது சோதித்து உறுதி செய்யப்பட்டது; யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் பதிவாகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் 21 சிஎஃப்ஆர் பகுதி 11 என்ற விதி 1997இலிருந்து மின்னணுப் பதிவுகளுக்கு இந்தத் தடத்தைக் கேட்கிறது. சைட்டில் ஒரு தம்பி இலவச மென்பொருளில் துடைத்துவிட்டுப் போனால் தடம் எங்கே? நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து "மூலப்படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டால் என்ன காட்டுவீர்கள்?

மேடம், உங்களுக்குப் போர்ட்டல் பயிற்சி கொடுக்கவில்லையா?

#8 வைகைக்கரை (புதன், மதியம் 2.10)

கொடுத்தார்கள் சார், ஆன்லைனில் நாற்பது நிமிடம். எனக்கு முன் இருந்தவருக்கு. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பாஸ்வேர்டு மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நான் தகட்டைக் கூரியரில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

#9 பிட்டும்பைட்டும் (புதன், மதியம் 2.31)

பாஸ்வேர்டு நோட்டில்! அதில் ஏற்றினால் தடத்தில் வேலையை விட்டுப் போனவர் பெயர்தானே பதிவாகும்? முதலில் உங்கள் பெயரில் கணக்கு வாங்குங்கள்.

கிளைச்சாலை சார் சொல்வது ஸ்பான்சர் ஆய்வுக்குச் சரி. ஆனால் டாக்டர்கள் தாங்களே நடத்தும் ஆய்வுகளுக்குப் போர்ட்டல் யார் தருவார்கள்? அங்கே இலவச மென்பொருள்தான் கதி. எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு என்று எழுதி வைத்து, பத்துக் கோப்பில் சோதித்து, சோதனையைக் கையெழுத்துடன் கோப்பில் வைத்தால் அதுவும் ஒரு தடம்தான். இலவசம் என்பதால் மட்டம் என்று பேசாதீர்கள்.

#10 கிளைச்சாலை (புதன், மாலை 6.20)

மட்டம் என்று நான் சொல்லவில்லை. எழுதி வைக்காததைத்தான் சொன்னேன்.

#11 நீலவானம் (புதன், இரவு 11.05)

நான் ரேடியாலஜிஸ்ட். மத்திய வாசிப்புப் பட்டியலில் சில ஆய்வுகளுக்குப் படம் பார்க்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரிகிறது என்று சொன்னால் உங்களுக்கு உதவும்.

எங்களுக்கு நோயாளி யார், எந்த மருத்துவமனை, எந்த மருந்து, எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது. வழக்கமாக இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்போம், முடிவு ஒத்துவரவில்லையென்றால் மூன்றாமவர் தீர்ப்பார். ஆகவே உங்கள் ஊர் ரேடியாலஜிஸ்ட் அம்புக்குறி போட்டு, அளவு எழுதி, "கட்டி வளர்ந்துள்ளது" என்று குறித்த படத்தைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். பெயர் கசிந்தால் நோயாளிக்குப் பாதகம். குறி கசிந்தால் ஆய்வுக்குப் பாதகம். முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இரண்டாவதை யாரும் பேசுவதில்லை.

ஒரு மில்லிமீட்டரின் விலையைச் சொல்கிறேன். 2009இல் வந்த, கட்டியை அளக்கும் ரெசிஸ்ட் 1.1 முறையில் அதிகபட்சம் ஐந்து கட்டிகளை, ஒரு உறுப்பில் இரண்டுக்கு மேல் போகாமல், அளந்து கூட்டுகிறோம். இதுவரை வந்த மிகக் குறைந்த கூட்டுத்தொகையைவிட 20 சதவீதமும், குறைந்தது 5 மில்லிமீட்டரும் கூடினால் நோய் முற்றியது என்று பொருள். குறைந்த தொகை 42 மில்லிமீட்டர் என்று வையுங்கள். இன்று 50 வந்தால் 19 சதவீதம், மருந்து தொடரும். 51 வந்தால் 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. பெரும்பாலான ஆய்வுகளில் அதோடு அவருக்கு மருந்து நிற்கும்.

இப்போது பேஸ்லைன் 1 மில்லிமீட்டர் தடிமன் ஸ்லைஸிலும் எட்டாவது வாரம் 5 மில்லிமீட்டரிலும் வந்தால் அந்த ஒரு மில்லிமீட்டரை நான் எங்கே தேடுவது? கான்ட்ராஸ்ட் (படத்தில் வேறுபாடு தெரியக் கொடுக்கும் மருந்து) ஒரு முறை கொடுத்து ஒரு முறை கொடுக்காவிட்டால் கல்லீரலில் கட்டி தெரிந்தும் தெரியாமலும் போகும். பெயர் நீக்கத்தைப் பிறகு கூடச் சரிசெய்யலாம். தவறாக எடுத்த ஸ்கேனை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

#12 மாத்திரைடப்பா (வியாழன், காலை 9.15)

எங்கள் சைட்டில் பிஐ டாக்டர் (ஆய்வின் பொறுப்பு மருத்துவர்) வெளியூரில் இருந்தால் ஃபிலிமை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஃபோனில் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவோம். அவசரத்துக்கு வேறு என்ன செய்வது?

#13 இருட்டறை (வியாழன், காலை 9.40)

அந்தக் குரூப்பில் எத்தனை பேர்? வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள்? எண்ணிவிட்டு வாருங்கள், பேசுவோம்.

#14 நீலவானம் (வியாழன், காலை 10.02)

ரகசியத்தை விடுங்கள், மருத்துவமாகவே பாருங்கள். சிடி படத்தில் ஒரு புள்ளிக்கு வழக்கமாக 4096 சாம்பல் நிலைகள் உண்டு. நீங்கள் ஃபோனில் எடுக்கும் படத்தில் சாம்பல் நிறத்துக்கு 256. ஃபிலிமில் யாரோ தேர்ந்தெடுத்த ஒரு விண்டோ, அதாவது அந்த நிலைகளில் ஒரு பகுதி, மட்டும். நான் நுரையீரல் பார்க்க மாற்றவும் முடியாது, எலும்பு பார்க்க மாற்றவும் முடியாது. அதில் முடிவெடுத்தால் அது ஜோசியம்.

#15 மாத்திரைடப்பா (வியாழன், காலை 10.30)

23 பேர். அதில் ஆறு பேர் இப்போது எங்களிடம் இல்லை. 🙏

#16 பிட்டும்பைட்டும் (வியாழன், காலை 11.10)

வாட்ஸ்அப்பை மட்டும் திட்டி என்ன? 2019 செப்டம்பரில் ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம் இணையத்தோடு இணைந்திருந்த சுமார் 2,300 பேக்ஸ் சர்வர்களைச் சோதித்தது. 590 சர்வர்கள் பூட்டே இல்லாமல் இருந்தன. 52 நாடுகள், 2 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. யாரும் உடைத்துக்கொண்டு நுழையவில்லை, கதவு திறந்தே கிடந்தது. வீட்டிலிருந்து டாக்டர் பார்க்க வசதியாக டைகாமுக்கான 104ஆம் போர்ட்டை வெளியே திறந்து வைக்கச் சொல்லி எனக்கே வருடத்துக்கு நாலு கோரிக்கை வருகிறது.

#17 தமிழ்வாத்தியார் (வியாழன், இரவு 8.00)

நான் மருத்துவன் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு எத்திக்ஸ் கமிட்டியில் சாமானிய உறுப்பினர். 2019ஆம் ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி கமிட்டியில் என்னைப் போல ஒருவர் இருந்தாக வேண்டும், அதனால் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் பெயரை எப்படி எடுப்பது என்று பேசுகிறீர்கள். படம் எங்கே போகிறது என்று அந்த அம்மாவுக்குச் சொன்னீர்களா? ஒப்புதல் படிவத்தில் "தங்கள் தரவு குறியாக்கம் செய்யப்பட்டுப் பகிரப்படும்" என்று ஒரு வரி வரும். போன கூட்டத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு, "இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே புரியவில்லை, கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு எப்படிப் புரியும்?" என்று கேட்டேன். சபை அமைதியாகிவிட்டது. பிறகு இப்படி மாற்றினோம்: "உங்கள் ஸ்கேன் படத்தில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு ஒரு எண் போடுவோம். அந்தப் படம் வேறு நாட்டில் உள்ள மருத்துவர்களுக்கு அனுப்பப்படும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் இந்த மருத்துவமனையில் மட்டும் இருக்கும்."

ஆய்வு முடிந்த பிறகு அதே படங்களைப் பொதுக் களஞ்சியத்தில் போடுவது தனி விஷயம். அதற்குத் தனிக் கேள்வி, தனிக் கையெழுத்து. இரண்டையும் ஒரே வரியில் ஒளிக்கக்கூடாது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு எங்கள் கமிட்டியின் வக்கீல் உறுப்பினரும் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

#18 பனங்கூடல் (வெள்ளி, காலை 5.30)

ஐயா சொன்னது மெத்தச் சரி. நான் டொரண்டோவில் மூளை எம்ஆர்ஐ ஆய்வு ஒன்றில் வேலை செய்கிறேன். பொதுவில் பகிர்வதால் கனக்க நன்மை உண்டு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2011இல் தொடங்கிய டிசிஐஏ களஞ்சியத்தில் இருந்துதான் நான் படிக்கும்போது நுரையீரல் சிடிகளை எடுத்துப் பழகினேன். அதிலுள்ள எல்ஐடிசி என்ற நுரையீரல் சிடி தொகுப்பில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் ஸ்கேன். அப்படி யாரோ பகிராமல் விட்டிருந்தால் என்னைப் போல ஆட்கள் எதை வைத்துப் படிப்பது?

ஆனால் தலை ஸ்கேனில் வேறொரு சிக்கல். பெயர், தேதி எல்லாம் எடுத்தாலும் முகம் இருக்கிறதே! மூளை எம்ஆர்ஐயில் இருந்து முகத்தைத் திரும்ப உருவாக்கலாம். 2019இல் மேயோ கிளினிக் குழு 84 பேரின் எம்ஆர்ஐ முகங்களை அவர்களுடைய புகைப்படங்களோடு முக அடையாள மென்பொருளில் பொருத்திப் பார்த்தது. 70 பேரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. அதனால் நாங்கள் முகப்பகுதியை வெட்டிவிட்டுத்தான் பகிர்கிறோம். வெட்டும் மென்பொருள் சில வேளை கண்ணோடு சேர்த்து மூளை நுனியையும் வெட்டிவிடும். ஒவ்வொன்றையும் ஒரு மனிசர் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கு. அந்த மனிசர் நான்தான்.

#19 வைகைக்கரை (வெள்ளி, காலை 9.00)

எல்லோருக்கும் நன்றி. ஸ்கேன் சென்டருக்கு நேரில் போகிறேன். மூலப்படம் அவர்கள் சர்வரில் இன்னும் இருக்குமா என்று கேட்க வேண்டும். இடம் போதாமல் அழித்திருந்தால் தீர்ந்தது கதை.

#20 வைகைக்கரை (16 நாள் கழித்து, இரவு 10.50)

கடைசியில் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் போனால் பாவம்.

மூலப்படம் இருந்தது. சென்டர் டெக்னீஷியன் அண்ணன் டோஸ் ரிப்போர்ட்டும் டாக்டர் சீட்டும் இல்லாமல், பெட், சிடி சீரிஸ்களை மட்டும் புதிதாக எடுத்துக் கொடுத்தார். என் பெயரில் போர்ட்டல் கணக்கு வாங்கினேன். கிளைச்சாலை சார் சொன்னபடி எங்கள் மானிட்டரிடம் பேசினேன். எடை, ஊசி விவரம், நேரம் மூன்றும் தங்கும்படிதான் போர்ட்டல் அமைந்திருக்கிறது என்று உறுதி செய்தார்கள். ஏற்றினேன். பெயர் குவெரி வரவில்லை.

வேறு குவெரி வந்தது. "எடை 74 கிலோ, சரிதானா?" எங்கள் கோப்பில் அந்த அம்மா 47 கிலோ. சென்டரில் ஊசி போடும்போது கையால் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தால் அதிலும் 47. கன்சோலில் அடிக்கும்போது இலக்கம் இடம் மாறியிருக்கிறது. அப்படியே போயிருந்தால் எஸ்யுவி எல்லாம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியிருக்கும். முன்பு எடையே இல்லாமல் போனது ஒரு விதத்தில் நல்லதுதான் என்று தோன்றியது, குறைந்தபட்சம் பொய்க் கணக்கு வரவில்லை! கோப்பில் நான் கை வைக்கவில்லை. அந்தத் தாளின் நகலில் பெயரை மறைத்து, டெக்னீஷியன் கையெழுத்தோடு விளக்கக் கடிதம் அனுப்பினோம். அவர்கள் பக்கத்தில் திருத்தி, ஸ்கேனை ஏற்றுக்கொண்டார்கள்.

#21 இருட்டறை (16 நாள் கழித்து, இரவு 11.20)

சபாஷ். அந்தத் தம்பியைத் திட்டாதீர்கள். கன்சோலில் ஒட்டி வைக்க ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்: உங்கள் ஆய்வுக்கு எத்தனை மில்லிமீட்டர், கான்ட்ராஸ்ட் எவ்வளவு, எந்த சீரிஸ் வேண்டும், எடையை இரண்டு முறை பார்க்கவும். நாற்பது பக்கக் கையேட்டை வரிசை நிற்கும்போது யாரும் புரட்ட மாட்டார்கள்.

#22 வைகைக்கரை (மறுநாள், மதியம் 3.15)

எழுதி ஒட்டிவிட்டேன் அண்ணா, மஞ்சள் அட்டையில், தமிழில். இன்று எட்டாவது வாரச் சிடி. அதே இயந்திரம், அதே 1 மில்லிமீட்டர். பெயரை மட்டும் பேஸ்லைனில் ஒரு ஸ்பெல்லிங்கிலும் இன்று வேறு ஸ்பெல்லிங்கிலும் அடித்து, அவர்கள் சர்வரில் அந்த அம்மா இரண்டு ஆளாகிவிட்டார். அந்தப் பஞ்சாயத்து தனியாக நடக்கிறது. படம் சுமார் 350 எம்பி, போர்ட்டலில் 61 சதவீதம் ஏறியிருக்கிறது. கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.